கடைசிக்கு முதல் இலக்கம்

முதல் எழுதிக்கொண்டுபோனதை
புஸ்பவதனி நின்றபடியே வாசித்தாள்.
செப்புக்கம்பி கீறிய விரலால்
'நம்பிக்கையின் மறுபெயர்' என்ற இடத்தைத் தொட்டு
"இது ஆர்?" என்றாள்.

களுவாஞ்சிகுடியில் பத்தடிக் கடை.
வாசலில் மூடி கழன்ற தண்ணி மோட்டர்கள்.
கல்முனையில் அச்சாகும் வாரத்தாளில்
சீட்டுக் காசில் அரைப்பக்கம் எடுத்திருந்தாள்.
எழுதித்தர எனக்கு மூவாயிரம், பாதி முன்பணம்.
அது ஏற்கனவே பால்மாவாய்க் கரைந்துவிட்டது.

அடுத்ததில் 'கைராசி' போட்டேன். வெட்டினாள்.
'வாடிக்கையாளரே எம் தெய்வம்' என்ற வரிக்குச்
சிரித்துவிட்டு வெட்டினாள்.
"மறுகா ஒருக்கா எழுது புள்ள.
மோட்டர் உறுமுது, சுத்துதில்ல,
அப்ப என்ன செய்யிற? அதை எழுது."

எழுதினேன், அவள் சொல்லச் சொல்ல.
முதலில் பிளக்கைக் கழற்று.
பின்மூடியைத் திறந்து விசிறியைக் கையால் சுற்றிப் பார்.
லேசாய்ச் சுற்றினால் கெப்பாசிட்டர்,
தெரிந்தவர் தாமே மாற்றலாம், தெரியாதவர் தொடவேண்டாம்.
இறுகிக் கிடந்தால் துரு.
எரிந்த மணம் வந்தால் மட்டும் தூக்கிக்கொண்டு வா.

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தால்
கடைக்கு ஆர் வருவான்?"
"எரிஞ்சவன் வருவான்" என்றாள்,
தலை நிமிராமல்.

வியாழன் தாள் வந்தது.
வெள்ளி ஒருவரும் இல்லை.
சனி, ஒரு பிள்ளை வந்து
சில்லறை இருக்கா என்று கேட்டுப் போனது.
ஞாயிறு காலை எனக்கு எடுத்தாள்:
"நம்பரைப் பாத்தியா?"

பார்த்தேன்.
நூற்றெண்பது சொல், ஒரு சந்திப்பிழை இல்லை.
கடைசிக்கு முதல் இலக்கம்,
ஏழு இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்று நின்றது
தொப்பியைக் காற்று கொண்டுபோனவன் மாதிரி.

அந்த ஒன்று
வாவிக்கு அங்கால், படுவான்கரையில்,
வெல்லாவெளி நல்லரெத்தினத்தின்
சட்டைப்பையில் அடித்திருக்கிறது.
எருமைப்பட்டிக்காரர். தயிர் யாவாரம்.

எடுத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.
"நிப்பாட்டு" என்றார்.
"முப்பத்தாறு பேர் எடுத்திட்டாங்க.
முதல் நாலு பேருக்கும் ஏசிப்போட்டன்.
அஞ்சாவது ஒரு களுதாவளைப் பெடியன்,
வெத்திலைக்கொடி வாடுதாம், குரல் உடையுது.
தாளை வாசியடா தம்பி எண்டன்.
அவன் வாசிச்சான், நானும் கேட்டன்.
இப்ப எனக்கு மனப்பாடம்.
சுத்துதா? மணக்குதா?
மணந்தால் களுவாஞ்சிகுடிக்குப் போ,
எனக்கு எடுக்காத."

அந்தக் கிழமை
மண்டூர்த் துறையில் பாதை ஏறி,
உரப்பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி,
பதினொரு மோட்டர்.
"தயிர்க்காரர் அனுப்பினவர்" என்று
ஒவ்வொருவராய்ச் சொல்ல
வதனி பில்லில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
அதையே எழுதினாள்.

மீதி ஆயிரத்தைநூறு கையில் வந்த அன்று
அவரே எடுத்தார்.
"எனக்கும் ஒண்டு எழுது. பாதி காசு, பாதி தயிர்."
வாய் பழக்கத்தில் தொடங்கிற்று:
கவிழ்த்தாலும் விழாத...
"எல்லாரும் கவிழ்க்கிறான், அதை விடு.
மாரியில சட்டி குறையும் எண்டு எழுது.
வெள்ளத்தில நிண்ட எருமை
ஆர் கெஞ்சினாலும் பால் இறக்காது.
புளிச்சால் என்ன செய்யிற எண்டும் எழுது,
கொட்டாம."

"நம்பர்?"
நெடுநேரம் பேச்சில்லை.
எங்கோ சேற்றிலிருந்து ஒரு கால்
பிடுங்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.
"அவட நம்பரைப் போடன்.
கணக்குச் சரியாயிடும்."

பகிடியா, உண்மையா, தெரியவில்லை.
அச்சுக்கூடத்தில் புரூப் தாள் காயவில்லை.
இலக்கம் இலக்கமாய் உரத்து வாசிக்கிறேன்,
ஏழில் விரலை வைத்துக்கொண்டு
வதனிக்கு எடுக்கிறேன்.

பின்னால் ஏதோ மோட்டர் ஓடித் தெளிகிறது.
"போடு" என்கிறாள்.
"ஆனா முதல் எனக்கு வாசி.
புளிச்சால் என்ன செய்யிற?"